புரட்டாதிச் சனியும் தாடிக் கழுகும்

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் என் மனைவி காகம் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். சுவிஸில் நாங்கள் இருக்கும் பாடனில் காகத்துக்கு ஒரு குறையும் இல்லை. பால்கனிக் கம்பியருகே ஒரு பிடி சோறும் எள்ளும் வைத்து “கா, கா” என்று கூப்பிட்டால் போதும், எதிர்க் கூரையிலிருந்து இறங்கிவிடும். பறவைகளுக்குத் தீனி வைக்கக் கூடாது என்று குடியிருப்பைப் பராமரிப்பவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். அவள் ஒவ்வொரு முறையும் “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு, ஒரு தட்டு வடையைக் கொடுத்து அனுப்புவாள். இப்போது அவரும் சொல்வதில்லை.

எனக்குக் கடவுளிலும் நம்பிக்கை இல்லை, சனீஸ்வரனிலும் இல்லை. ஆனால் பறவை பார்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது அவளுடைய விரதத்தால்தான். அவள் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருக்க, காகம் வாய் வைத்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காகமும் அடையாளம் தெரிந்துவிட்டது. பிறகு மற்றப் பறவைகள், பிறகு ஒரு தொலைநோக்கி, பிறகு ஞாயிறு தோறும் ஆற்றங்கரை. சனீஸ்வரன் என்னைப் பிடித்த விதம் இதுதான் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

மருத்துவமனைச் சமையலறை வேலையிலிருந்து நான் பென்ஷனுக்குப் போனபோது, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து எனக்கு ஒரு பயணத்தைப் பரிசாகத் தந்தார்கள். எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் வழிகாட்டியுடன் ஒரு நாள். காலையில் காட்டுப் பறவைகள், மதியம் அந்த மலைகளில் ஒரு காலத்தில் இருந்த சரசேனர் என்ற முஸ்லிம்களின் தடங்கள், பின்னேரம் உச்சியில் தாடிக் கழுகு. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி மட்டும்தான். எலும்பைத் தின்று வாழும் பறவை அது. இந்த மலைகளில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழித்துவிட்டு, பிறகு மனம் மாறித் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதை ஒருமுறையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை.

அந்த நாள் புரட்டாதிச் சனியாக அமைந்தது. என் மனைவி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளை அனுப்பி வைத்தது ஆராவ் நகரில் இருக்கும் எங்கள் மகள்.

“அம்மா வீட்டில இருந்தா மணிக்கொருக்கா போன் எடுத்து நோ இருக்கோ, நோ இருக்கோ எண்டு கேக்கிறா. தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா” என்றாள்.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முந்தைய முறை இதே ஐந்தாம் மாதத்தில்தான் பிள்ளை தங்காமல் போனது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. என் மனைவி மகளின் சாதகத்தை ஊருக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். ஏழரைச் சனி என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவளுடைய விரதம் இரண்டு மடங்கு கடுமையானது. நான் ஸ்கேன், டாக்டர், விஞ்ஞானம் என்று வகுப்பெடுத்தேன். ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமையே சிவப்பு ரயிலில் மலை ஏறிப் போய் பொன்ட்ரெசீனாவில் தங்கினோம். காலையில் அவள் குளித்து, வெறும் வயிற்றோடு, அறையில் மின்னடுப்பில் வடித்த சோற்றை எள்ளோடு ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

“காகம் இருக்கும்தானே?” என்றாள்.

“காகம் இல்லாத ஊர் எங்க இருக்கு?” என்றேன். அன்று நான் செய்த முதல் பிழை அது.

வழிகாட்டி உயரமான மனிதர். நரைத்த தாடி, சிவந்த முகம், என்னைவிட வயது கூடியிருக்கும். எங்களைத் தவிர பேர்ண் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி மட்டும். காட்டு வாசலிலேயே அவர் விதியைச் சொல்லிவிட்டார்: எந்தப் பறவைக்கும் எதுவும் கொடுப்பதில்லை. மனிதர் கொடுத்துக் கொடுத்து இங்கே பறவைகள் பிச்சை எடுக்கப் பழகிவிட்டன, உப்புப் போட்ட சாப்பாடு அவற்றுக்கு நஞ்சு என்றார். நான் பெரிய பறவை நிபுணன்போலத் தலையாட்டினேன். மனைவிக்கு மொழிபெயர்க்கும்போது மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன்.

ஊசியிலை லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. சிறிது தூரம் போனதும் கொண்டை வைத்த பட்டாணிக்குருவி ஒன்று நேரே வந்து என் மனைவியின் விரலில் உட்கார்ந்தது. உள்ளங்கையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

“கையில வந்திருந்து கேக்குது. வெறுங்கையோட அனுப்பிறது பாவமில்லையோ?” என்றாள்.

“விதி விதிதான்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வழிகாட்டி மரத்தின் உச்சியைக் காட்டினார். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு பறவை. பைன் மரத்துக் கொட்டைகளை ஆயிரக்கணக்கில் மண்ணில் புதைத்து வைத்துக் குளிர்காலம் முழுக்கத் தோண்டித் தின்னுமாம். இதுவும் காகக் குடும்பம்தான் என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். “புள்ளி போட்ட காகமோ? அது சரிவராது.”

ஒரு கறுப்புக் காகத்தைக்கூடக் காணவில்லை. மற்ற மூவரும் கொண்டைக் குருவிகளில் மயங்கி நிற்க, நாட்டில் ஒவ்வொரு வயலிலும் கிடக்கிற காகத்தைத் தேடித் தொலைநோக்கியோடு அலைந்தவன் நான் ஒருவன்தான்.

மதியம் பாலத்துக்கு வந்தோம். கீழே பிளவில் பனியாறு உருகிய தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பொன்ட்ரெசீனா என்ற ஊரின் பெயரே சரசேனர் பாலம் என்பதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதாக வழிகாட்டி சொன்னார். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினிலிருந்து கடல் வழியாக வந்த முஸ்லிம்கள் பிரான்சின் கரையில் கோட்டை கட்டி, இந்த மலைக் கணவாய்கள் வரைக்கும் பிடித்து வைத்திருந்தார்கள். மேலே ஐந்து மூலை வைத்த ஒரு பாழடைந்த கோபுரம் இருக்கிறது. அதன் பெயரிலும் ஸ்பெயின் கேட்கும். பிறகு சற்றுக் கூச்சத்தோடு, தன்னுடைய குடும்பப் பெயரிலும் சரசேனன் இருக்கிறான் என்றார்.

“ஆரைச் சொல்லுறார்?” என்று மனைவி கேட்டாள்.

“எங்கட சோனகர் மாதிரி ஆக்கள். இஞ்சையும் இருந்தவையாம்.”

“பிறகு என்ன ஆனவை?”

“கலைச்சுப்போட்டினம்.”

அவள் ஆற்றைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருக்கள் சோனகருடையவை, எங்கள் ஊர் முஸ்லிம்களுடையவை. அவர்களை விரட்டி அந்தத் தெருக்கள் ஒரே நாளில் வெறுமையாக்கப்பட்டதை நாங்கள் இருவரும் பார்த்தவர்கள். கதவுகள் திறந்தபடி கிடந்தன, ஒரு முற்றத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சில வருடங்களில் போரில் எங்கள் தெருவும் அப்படித்தான் ஆனது. அங்கே அவர்களைத் தன் குடும்பம் என்று சொல்ல எங்களில் எவரும் முன்வரவில்லை. இங்கே சிவந்த முகத்தோடு ஒரு மனிதர், ஆயிரம் வருடத்துக்கு முன் விரட்டப்பட்டவர்கள் என் ஆட்கள் என்று நிற்கிறார். எனக்கு அவர்மீது மரியாதை வந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்காதே.

“இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். இல்லை என்றார். அந்தக் கோபுரம் அவர்கள் போய் வெகுகாலத்துக்குப் பிறகு கட்டப்பட்டது. ஊர்ப் பெயரைப் பற்றியும் அறிஞர்கள் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். “என் அம்மா சொன்னார். நான் நம்புகிறேன்.”

நான் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் மனைவி பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் குளிசையை விழுங்கியிருக்கிறாள், வயிற்றில் ஒன்றும் இல்லை. பேர்ண் அம்மா கையிலிருந்த கொட்டைக் கேக்கை நீட்டினார். என் மனைவி புன்னகையோடு வேண்டாம் என்று கைகாட்டினாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “காகம் வராட்டி இஞ்சையே விழுந்து சாகப்போறீரோ? சாப்பிடும்.”

“பிள்ளைக்கு எண்டு நேர்ந்தது. இடையில விடேலாது.”

“காகத்துக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “அவற்ர அம்மா சொன்னதை அவர் நம்புறார். என்ர அம்மா சொன்னதை நான் நம்புறன். நீங்கள்தான் ஆரையும் நம்பாமல் தனிய நிக்கிறியள்.”

என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி கேட்டார். டயட்டில் இருக்கிறார் என்று முதலில் ஒரு பொய்யை விட்டேன். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: விரதம், காகம், மகள், ஐந்தாம் மாதம், அம்மா சொன்னது. நான் தனியாக நிற்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் தன் போத்தலிலிருந்து ஆப்பிள் சாற்றை ஒரு குவளையில் ஊற்றினார்.

“குடிக்கலாமா என்று கேளுங்கள்.”

குடிக்கலாம் என்று அவள் ஒத்துக்கொண்டாள். நிறம் கொஞ்சம் திரும்பியது. ஹோட்டலுக்குப் போய்விடுவோம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று வழிகாட்டி தலையை ஆட்டினார். உச்சிக்கு ரயிலிலேயே ஏறிவிடலாம், நடை இல்லை என்றார். “மேலே ஒரு பறவை இருக்கிறது. முழுக்கக் கறுப்பு. அலகு மட்டும் மஞ்சள். காகக் குடும்பம்.”

மொழிபெயர்த்தேன். மனைவி கொஞ்சம் யோசித்தாள். “மஞ்சள் அலகு பரவாயில்லை” என்றாள்.

உச்சியில் ஒரு உணவகமும் அகன்ற மேடையும். கம்பிமேல் அந்த மலைக் காகங்கள் நாலைந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. வழிகாட்டி அவற்றையும் எங்களையும் பார்த்தார். மனைவி பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“அதில் உப்பு இருக்கிறதா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லை. வெறும் சோறும் எள்ளும்.”

அவர் மேடையின் மறுபக்கத்துக்குப் போனார். “எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்கள். இனி நாம் கழுகைத் தேடுகிறோம். இந்தப் பக்கம் மட்டும்” என்றார். பேர்ண் தம்பதி விளங்கிக்கொண்டு உடனே முதுகைக் காட்டினார்கள். நானும் திரும்பி என் தொலைநோக்கியை எடுத்தேன்.

சற்று நேரத்தில் வழிகாட்டி மெல்லிய குரலில் சொன்னார்: “அதோ. பாறைக்கு மேலே, இடப்பக்கம். வருகிறது.”

பேர்ண் அம்மா மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. என் கண்கள் கண்ணாடியில்தான் இருந்தன. ஆனால் எனக்குப் பின்னால் மனைவி “கா, கா” என்று கூப்பிடுவதும், சிறகடிப்பும், பிறகு மறுபடி மறுபடி அவள் கூப்பிடுவதும் கேட்டன. நான் திரும்பிவிட்டேன்.

கம்பியருகே சோறு இருந்தது. ஒரு பறவை அதன் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சரித்துப் பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. சோறு என்ற பொருளை அது வாழ்க்கையில் கண்டிருக்குமோ தெரியாது. என் மனைவி இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றாள். பறவை சிறகை விரித்துப் பறக்கப் பார்த்தது.

“கா” என்று ஒரு குரல் கேட்டது. “கா, கா. வா ராசா, வா.” அது என்னுடைய குரல்.

பறவை சிறகை மடக்கியது. குனிந்து ஒரு வாய் எடுத்தது. பிறகு மற்றவையும் வந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றன. நான் திரும்பியபோது மறுபக்கத்து வானத்தில் ஒன்றும் இல்லை.

“பார்த்தீர்களா? தலைக்கு மேலால் போனது” என்றார் வழிகாட்டி.

“இல்லை” என்றேன். அவர் என் தோளில் ஒரு முறை தட்டினார். மனைவி பெட்டியில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை என் கையில் தந்தாள்.

திரும்பும் ரயிலில் மகள் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டோம்.

“அப்பா, கழுகைக் கண்டனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப என்னத்தைத்தான் பாத்தனீங்கள்?”

நான் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “உன்ர அப்பா இண்டைக்குக் காகம் கூப்பிட்டவர்.”

மகள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நான் போனைக் கையில் எடுத்தேன்.

“அப்பா, உங்களுக்கும் பயமோ?” என்றாள்.

ஒன்றும் நடக்காது என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். “சரியான பயம்.”

“எனக்கும்தான் அப்பா” என்று சொல்லிவிட்டு, அந்த ஐந்து மாதங்களில் முதல் முறையாக என் மகள் எங்களிடம் அழுதாள்.