மீன்காரரின் ஹோன் ஒலித்த வகுப்பறை

மூதூர்ச் சுஹைராவுக்கு இயல்பாகவே மெல்லிய குரல். குர்ஆன் ஓதும்போது அக்குரல் கேட்போரைக் கனிவிக்கும்; குழந்தைகள் நிறைந்த வகுப்பறையிலோ இரண்டாம் வரிசையைத் தாண்டாது. விஞ்ஞான ஆசிரியராவதற்குக் கல்வியியற் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த அவள், கற்பித்தற் பயிற்சிக்காகத் தோப்பூருக்கு அண்மையில் ஒரு பாடசாலைக்கு அனுப்பப்பட்டபோது, தன் குரலுக்குத் துணையாக எந்திரங்களை நாடினாள்.

முதலாவது மதிப்பீட்டுப் பாடம் பூவின் பாகங்கள் பற்றியது. புரொஜெக்டரை ஏற்பாடு செய்தாள். வெயில் புகாதபடி யன்னல்களுக்குத் தன் கறுப்பு ஹபாயாக்களையே கட்டினாள். திரையில் இதழ்கள் சுழன்று விரிந்தன. எழுத்துகள் பறந்து வந்து வரிசையில் அமர்ந்தன. அவள் திரையை நோக்கி நின்று ஒவ்வொன்றாக வாசித்தாள். அடுத்த எழுத்து இடப்புறத்திலிருந்து வருமா வலப்புறத்திலிருந்து வருமா என்று ஆறாம் தரத்துப் பிள்ளைகள் தமக்குள் பந்தயம் பிடித்தார்கள். மணி அடித்தபோது மகரந்தம் எதுவென்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசி வாங்குப் பலகையில் அமர்ந்து மதிப்பிட்டவர் ஜெயரூபி. ஓர்ஸ் ஹில்லிலிருந்து வரும் கல்லூரி விரிவுரையாளர். கடுமை இல்லாதவர், ஆனால் சொல்லைச் சுற்றி வளைக்காதவர்.

“சுஹைரா, நீங்கள் திரைக்குத்தான் படிப்பிச்சனீங்கள். பிள்ளையள் உங்களுக்குப் பின்னால இருந்தவை.”

இன்னும் ஒரு மதிப்பீட்டுப் பாடமே எஞ்சியிருந்தது. அதுவும் இவ்வாறே அமைந்தால் பயிற்சி முழுவதையும் மீண்டும் செய்ய நேரும். உடன் பயின்றோர் நியமனம் பெற்றுச் செல்ல, அவள் மட்டும் பின்தங்குவாள். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வொரு வாக்கியமே அவள் செவியில் நின்றது.

எந்திரத்தைக் கைவிடும் எண்ணம் அவளுக்கு எழவில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டதே தன் பிழை என்று அவளுக்குப் பட்டது. அடுத்த அலகு ஒலி. அப்படியாயின் திரையே வேண்டாம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும் என்று தீர்மானித்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஊரின் ஒலிகளைச் சேர்க்கப் புறப்பட்டாள். மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுப் படகு கிளம்பும் ஓசை, நெல் ஆலையின் இரைச்சல், தென்னோலையில் மழை. பாங்கொலியை மாத்திரம் அவள் பதியவில்லை. தொழுகைக்கு அழைக்கும் குரலை வேளையல்லாத வேளையில் பெட்டிக்குள்ளிருந்து எழுப்ப அவள் மனம் ஒப்பவில்லை.

இறுதியாக அவள் வாப்பா ஆதம்பாவாவின் ஹோன். மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி, மூதூரிலிருந்து தோப்பூர்வரை மீன் விற்பவர் அவர். கைப்பிடியில் பொருத்திய இறப்பர்க் குமிழை அமுக்கி, இரண்டு குறுக்கமும் ஒரு நெடுக்கமுமாக அவர் எழுப்பும் ஒலியை அவ்வழியில் அறியாதார் இலர். வயல்வெளி நடுவே, வீடொன்றும் இல்லாத இடத்தில் அவரை நிறுத்தினாள். அவர் சேர்ட்டின் மேற்பொத்தானைப் பூட்டி, சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினார்.

“வாப்பா, சத்தம் மட்டும்தான் பதியிது. முகம் வராது.”

“வராட்டி என்ன மகள், பிள்ளையள் கேக்கப்போற சத்தமல்லவா” என்று சொல்லி அவர் வாரி முடித்தபின்பே குமிழை அமுக்கினார்.

ஒலிபெருக்கி தேடியபோது மச்சான் முனாஸ் முன்வந்தான். கலியாண வீடுகளுக்கு ஒலியமைப்பு வாடகைக்கு விடுபவன். சிறியது என்ற சொல்லே அவன் தொழிலில் இல்லை. அலுமாரியளவு பெட்டியொன்றைக் கொணர்ந்து வகுப்பறையில் இறக்கிவிட்டுப் போனான்.

மதிப்பீட்டு நாளன்று காலையிலேயே கச்சான் காற்று மேற்கிலிருந்து வலுத்து வீசியது. யன்னல்கள் திறந்திருந்தன. ஜெயரூபி கடைசி வாங்கில் அமர்ந்தார். பிள்ளைகள் கண்களை மூடினார்கள். லோஞ்சை உடனே கண்டுகொண்டார்கள். நெல் ஆலையைப் பற்றிச் சிறிது வாதாடினார்கள். எது உரத்தது, எது மென்மையானது, எது தொலைவிலிருந்து வருவது என்று சுஹைரா கேட்கக் கேட்கக் கைகள் உயர்ந்தன. அடுத்து ஹோனை ஒலிக்கவிட்டாள். முனாஸின் பெட்டி அதனை ஊர் முழுவதற்கும் உரைத்தது.

யன்னலோரத்தில் இருந்த நப்லா கண்ணைத் திறந்தாள்.

“டீச்சர், எல்லாரும் சட்டி கொண்டு வாறாங்க.”

உண்மைதான். தலைமுக்காட்டைச் சரிசெய்தபடி, சட்டியும் பையுமாகப் பெண்கள் பாடசாலை வாயிலை நோக்கி விரைந்துகொண்டிருந்தார்கள். கிழக்கே விளையாட்டுத் திடலுக்கு அப்பால் வசிக்கும் றஹ்மா முன்னணியில் நின்றாள்.

“எங்க ஆதம்பாவாக் காக்கா? இப்ப ஸ்கூலுக்குள்ள வெச்சா மீன் விக்கிறாரு?”

விளக்கம் சொல்ல ஓடிவந்த பாடசாலை அதிபர் அபூதாஹிரின் கையிலும் ஒரு பை இருந்தது. அதை அவர் முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டதைக் கண்டு வகுப்பு வெடித்துச் சிரித்தது.

சுஹைராவின் விரல் பெட்டியின் ஆளிமேல் நின்றது. ஜெயரூபி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இம்முறை பிள்ளைகள் அவள் முன்னால்தான் இருந்தார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் வாயிலில். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். அவ்வேளையில், கூடிநின்ற பெண்களுள் ஒருத்தியைக் காணாதது அவள் கருத்திற் பட்டது. மேற்கு மதிலை ஒட்டிய வீட்டு ஸல்ஹா. எல்லாரினும் அண்மையில் இருப்பவள். தங்கள் வாசலை மட்டும் ஆதம்பாவா ஹோன் அடியாமலே கடந்துவிடுகிறார் என்று ஊர் முழுதும் குறைகூறித் திரிபவள். வாப்பாவோ, அடித்தேன் என்று சத்தியம் செய்வார்.

சுஹைரா யன்னலருகே சென்றாள். தன் குரல் அவ்வளவு உரத்து எழும் என்று அவளே அறிந்திருக்கவில்லை.

“றஹ்மா ராத்தா, மன்னிச்சிக்கொள்ளுங்க, மீன் இல்ல. ஆனா ஒருத்தரும் போயிராதீங்க. ஆரார் எந்த வீட்டில இருந்து கேட்டீங்க என்டு எங்கட பிள்ளையளுக்குச் சொல்லுங்க.”

பிள்ளைகள் வாயிலுக்கு ஓடி, ஒவ்வொருவரிடமும் விசாரித்து வந்தார்கள். அவள் கரும்பலகையின் நடுவே பாடசாலையை வரைந்து, கேட்ட வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்தாள். குறிகள் அனைத்தும் கிழக்கே குவிந்தன. மேற்கு வெறுமையாய்க் கிடந்தது. ஏன் என்று கேட்டுவிட்டு வெண்கட்டியைக் கீழே வைத்தாள். நப்லா யன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தன் லேஞ்சித் துணியைப் பிடித்தாள். அது கிழக்கு நோக்கிப் படபடத்தது.

“கச்சான் தூக்கிக்கொண்டு போகுது, டீச்சர்.”

அது சரியா என்று பார்க்க, பெட்டியை முற்றத்தின் நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். பெண்களும் சட்டிகளோடு நின்றார்கள். சிலர் திடலின் கிழக்கு ஓரத்துக்குப் போக, சிலர் அதே தூரத்தில் மேற்கு மதிலருகே நின்றனர். ஜெயரூபியும் எழுந்து மேற்கே சென்று, பிள்ளைகள் அழைத்துவந்த ஸல்ஹாவின் அருகில் நின்றார். ஹோன் ஒலித்தது. கிழக்கே நின்றோர் உடனே கையை உயர்த்தினர்; மேற்கே நின்றோர் கேட்டதோ இல்லையோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். காற்றின் வழியே செல்லும் ஒலி நிலத்தை நோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கும் என்றும், காற்றுக்கு எதிரே செல்வது மேலெழுந்து தலைக்கு மேலாகப் போய்விடும் என்றும், சுஹைரா முற்றத்து மணலில் ஒரு கோலால் வரைந்து காட்டினாள். பாடவேளை முடிந்தும் ஒருவரும் அசையவில்லை.

பெண்கள் கலைந்தபின் சிறிது நேரத்தில் வீதியில் மீண்டும் ஹோன் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டது. இம்முறை ஏமாறுவதில்லை என்று ஊர் உறுதிகொண்டிருந்தது. நடுவீதியில் பெட்டி நிறைய மீனோடு நின்ற ஆதம்பாவா, ஹோன் பழுதோ என்று குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நப்லா மதிலில் ஏறினாள்.

“இது மெய்யான மீன்! வாங்க!”

அதன்பின்பே சட்டிகள் வெளிவந்தன. வாயிலுக்கு வந்த ஜெயரூபி ஒரு பாரை மீனைத் தெரிந்து வெட்டச் சொன்னார். கத்தியை எடுத்த ஆதம்பாவா வெட்டாமல் நிமிர்ந்தார்.

“மகள் எப்பிடிப் படிப்பிச்சா, டீச்சர்? ஒளிக்காமச் சொல்லுங்க.”

“ஒளிக்க என்ன இருக்கு? இண்டைக்குப் பிள்ளையளுக்குத்தான் படிப்பிச்சவ. ஊருக்கும் சேர்த்து. சித்தியடைஞ்சிட்டா.”

ஆதம்பாவா மீண்டும் குனிந்தார். பாரையை வழக்கத்தினும் கவனமாக வெட்டி, செதிள் ஒன்றும் ஒட்டாமற் கழுவிக் கொடுத்தார்.

அன்று மாலை சுஹைரா தாளில் வரைந்து காட்டிய படத்தை அவர் நெடுநேரம் பார்த்திருந்தார். மறுநாள் தம் வழியை மாற்றினார். கச்சான் வீசும் காலம் முழுதும் மேற்கு முனையிலேயே தொடங்குவது என்று முடிவுசெய்து, ஸல்ஹாவின் வாசலுக்கு நேரே நின்று குமிழை அமுக்கினார். அவள் சட்டியோடு வெளிவந்து இடுப்பில் கை வைத்தாள்.

“இப்பதான் எங்கட வீடு தெரிஞ்சதா, காக்கா?”

“வீடு தெரியும் புள்ள. காத்துத்தான் தெரியாம இருந்தது. மகள் படிப்பிச்சித் தந்தா.”