தொப்பூரில் சூடேறிய பெட்டி

வெளிநாட்டு விஞ்ஞானிகளும் நம்மூர் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்திய காய்ச்சல் ஆராய்ச்சி அது. கிராமங்களில் எடுத்த ரத்தத்தைச் சேலத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு நான் சில மாதம் டிரைவர். கூட வரும் ரத்தம் எடுப்பவர் கழுத்துவரை பட்டன் போட்ட ஒல்லி மனிதர். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வெப்பமானி காட்டும் எண்ணை வழியெல்லாம் உரக்கச் சொல்லியபடி வருவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

ஒருநாள் பெட்டியில் காரிமங்கலம் பக்கத்து அம்மா ஒருவரின் ரத்தம் இருந்தது. தொப்பூரில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டது. வெயிலில் பெட்டி சூடேறிவிட்டது. வழி விட்டதும், "வண்டியத் திருப்புங்க. மறுபடி எடுக்கணும்" என்றார் ரத்தம் எடுப்பவர்.

"ஐஸ் வாங்கிப் போட்டுட்டுப் போலாங்க. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியவா போவுது?"

"கெட்டுப்போன ரத்தத்துல நோய் இருந்தாலும் தெரியாதுங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு வுட்டுருவாங்க."

திரும்பிப் போனோம். அந்த அம்மா காய்ச்சலோடு எழுந்து கத்தினார்: "காலைல எடுத்தத வித்துட்டியா சாமி?"

"திட்டிக்கோங்க ஆத்தா. கைய மட்டும் நீட்டுங்க."

அன்று எனக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. அந்த ஒல்லி மனிதரை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் கண்டால் ரத்தம் எடுக்க அந்த மனிதர்தான் வரவேண்டும்.