வேணும் என்று சொல்லத் தெரியாத கடைக்காரர்

பிள்ளை எடுக்கப் போகிறோம் என்று வெளியே தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு எங்களைத் தெய்வமாக்கிவிட்டார்கள். எதிர்வீட்டு மலையாளத்துச் சேச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நிங்ஙள் தெய்வமாணு, கேட்டோ" என்றாள். அந்த நேரத்தில் தெய்வத்தின் கையெல்லாம் இட்லி மாவு. கையை விடுவித்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தெய்வமாக்காதவர்கள் புத்தி சொன்னார்கள். என் வீட்டுக்காரருடைய மதினி ஆரியசாலையில் இருக்கும் எங்கள் பலசரக்குக் கடைக்கே வந்து, வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள்.

"எடுக்கதுதான் எடுக்கிய, கை காலு நல்லா இருக்கதாப் பாத்து எடுக்கப்பிடாதா?"

"அது என்ன கத்திரிக்காயா மதினி, பொறுக்கி எடுக்கதுக்கு?" என்றேன்.

"கத்திரிக்காயே நான் பொறுக்கித்தான் எடுப்பேன்" என்றார்கள். இந்த மாதிரி வாக்குக்காகவே மதினியிடம் எனக்குக் கோபம் நிற்காது. சனங்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு கொதி உண்டு, தீராத ஆசை. ஆனால் பேச்சு நம்மைப் பற்றியே ஆகும்போது கொதி கொஞ்சம் குறைந்துவிடும்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. தத்தெடுக்க விண்ணப்பம் போட்டபோது, உடம்பில் குறை உள்ள, சிறப்புத் தேவை உள்ள குழந்தை சம்மதமா என்று ஒரு கேள்வி இருந்தது. நானும் அவரும் சம்மதம் என்று போட்டோம். என் அக்காவுக்குச் சின்னதிலேயே ஒரு கால் சூம்பிப்போனது. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாவம். எனக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அவளிடம் தினமும் அடி வாங்கியது நான். அதனால் கால் சரியில்லாத பிள்ளை என்றால் எனக்கு இரக்கம் வராது, கொஞ்சம் பயம்தான் வரும்.

சம்மதம் சொன்னால் போதுமா? காகிதம் வேண்டும். கல்யாணம் நடந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். எங்கள் கல்யாணம் நாகர்கோவில் பக்கம் ஒரு கோவிலில், எண்ணூறு பேர் சாப்பிட்டுப் போன கல்யாணம். ரெஜிஸ்டர் பண்ண வேண்டும் என்று அந்த எண்ணூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் காரியத்தைக் கவனித்துவந்த ஆபீஸ் மேடம் மலையாளத்துச் சின்னப் பெண். ஆல்பத்தை முழுக்கப் புரட்டி, என் பட்டுப்புடவையைப் புகழ்ந்துவிட்டு, "ஆல்பம் போரா, சேச்சி" என்றாள். அதாவது போதாது. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு ரெஜிஸ்டர் ஆபீஸ் வரிசையில் நின்றோம். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த மதினி, "இப்பம்தான் உங்களுக்கு முறைப்படி ஆச்சு" என்று அங்கேயே பாயசம் கேட்டார்கள். டாக்டர் சர்டிபிகேட்டுக்கு மூன்று நாள் அலைந்தோம். மூன்றாவது நாள் அந்த டாக்டர், பென்ஷனுக்கு வந்த வயசாளிகள் என்று நினைத்து எங்களை வேறு வரிசைக்கு அனுப்பினார்.

அதே மேடம் வீடு பார்க்க வந்தாள். மாடிப்படியைப் பார்த்தாள், கக்கூஸைப் பார்த்தாள், அடுக்களையில் கத்தி எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். கடைசியில், "பெரிய குட்டி ஆனாலும் நடக்காம இருந்நாலோ?" என்றாள், வளர்ந்த பிறகும் பிள்ளை நடக்காவிட்டால் என்று.

"ஆட்டோ பிடிப்போம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எழுதினாளா என்று தெரியாது.

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டரில் ஒரு படம் வந்தது. அக்காளும் தங்கையும். பெரியவளுக்கு ஏழு வயது, இரண்டு காதிலும் மிஷின். சின்னவளுக்கு நாலு, முட்டிக்குக் கீழே இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பட்டை போட்டு நிற்கிறாள். பெரியவள் படம் பிடிப்பவரைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கென்று குறித்துவைத்திருக்கிறார்கள், குறித்த நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஆபீசிலிருந்து போன் வரும் என்றார்கள். யார் நம்பருக்கு? குடும்பத்தலைவர் நம்பர் என்று கேட்டதால் அவருடைய நம்பரைக் கொடுத்திருந்தோம். எல்லா வினையும் அங்கே ஆரம்பித்தது.

அவர் அன்றைக்கே ஆசாரியைக் கூட்டிவந்து மாடிப்படிக்குத் தாழ்வாக ஒரு கைப்பிடி போடச் சொல்லிவிட்டார். அளவுக்குப் பக்கத்து வீட்டு நாலு வயதுப் பிள்ளையைக் கடன் வாங்கி நிற்கவைத்தார். இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் என்ன நினைப்பேன்? மறுநாள் மத்தியானம், "போன் வந்துதா?" என்று கேட்டேன். "வந்தது, பேசியாச்சு" என்றார். நானும் பாய், தலையணை என்று வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால் படத்தைக் காணோம். இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு ஓடினேன். மேடம் பைலைத் திறந்து காட்டினாள். எங்கள் பெயருக்கு எதிரே, தீர்மானம் எடுக்கவில்லை, நாள் கடந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

"சார் தன்னெயல்லே பறஞ்ஞது, நோக்கட்டே, பறயாம் என்னு?"

பார்க்கட்டும், சொல்கிறேன் என்று சார்தானே சொன்னார் என்கிறாள். எனக்கு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழலாமா, எழுந்து போய் ஒருவரை அடிக்கலாமா என்று இருந்தது.

அடிக்க வேண்டியவர் கடையில் மல்லி மூட்டையில் கை விட்டு முகர்ந்துகொண்டிருந்தார்.

"நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றார்.

"வேணும்னு சொன்னேளா?"

"அதை வேற சொல்லணுமா? பாத்துச் சொல்லுகேன்னா எடுத்தாச்சுன்னுதானே அர்த்தம்? சாலைக் கம்போளத்துல யாருகிட்ட வேணும்னாலும் கேளு."

கேட்க வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும். ஈரோட்டிலிருந்து மஞ்சள்காரன் கூப்பிட்டால், எவ்வளவு ஆசை இருந்தாலும் குரலில் காட்டக் கூடாது. வேணும் என்று வாயைத் திறந்தால் விலை ஏறும். அதனால் அந்தச் சந்தையில் வேண்டாததற்கு வேண்டாம் என்பார்கள், வேண்டியதற்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். மஞ்சள்காரனும் அதைக் கேட்டுவிட்டு லாரியில் ஏற்றிவிடுவான். இருபத்தைந்து வருஷம் இப்படியே பேசிய வாய், ரொம்ப ஆசைப்பட்ட ஒரு காரியத்துக்கு வேறு எப்படிப் பேசும்? அவருடைய ஆசை எவ்வளவு பெரிதோ அவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் பார்த்துச் சொல்கிறோம் என்றுதான் போனார்கள். என் அப்பா கடைக்காரர் இல்லை. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார்.

இதையெல்லாம் மேடத்திடம் நான் மலையாளத்தில் விளக்க வேண்டும். விளக்கினேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, "சேச்சி, ஞான் இது எங்ஙனெ எழுதும்?" என்றாள். இதை எப்படி எழுதுவதாம். நியாயமான கேள்வி.

பட்டியலில் மறுபடி வந்தால் மறுபடி கேட்கலாம், அதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். பன்னிரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்தேன். மதினி போன் போட்டு, "நடக்கதெல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவை. பதின்மூன்றாம் நாள் அதே முறைப்பு, அதே படம். யாரும் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்று சந்தோஷப்பட்ட நிமிஷமே, இந்தப் பிள்ளைகளை யாரும் எடுக்கவில்லையே என்று அந்தச் சந்தோஷத்துக்கே வெட்கப்பட்டேன். இந்த முறை நானே சம்மதத்தை அமுக்கினேன். முந்தின தடவை ஏன் தவறவிட்டோம் என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதம், "தங்களுடன் போனில் பேசியபடி" என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டுவிட்டு நான் எழுதினேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கத் தம்பானூரில் ரயில் ஏறும்போது மேடம் போனில் சொன்னாள்: ஏழு வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள், அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். முன்பு ஒரு தம்பதி வந்து, சின்னவளின் காலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லையாம். அடுத்து வந்தவர்களைப் பெரியவள் கிட்டவே விடவில்லையாம்.

நாலு மணி நேரப் பயணம். வடை வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, பார்ப்போம் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளைகள் இருந்த இல்லத்தில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெரியவள் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, எதிரே இறக்கி உட்காரவைத்தாள். நான் கொண்டுபோன முறுக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. தங்கையின் பட்டைகளைக் கழற்றினாள், சாக்ஸையும் உருவினாள். எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் மடியில் போட்டாள்.

"இட்டு கொடுக்கு" என்றாள், காது கேளாதவர்களுக்கே உள்ள பெரிய குரலில். போட்டுவிடு என்று.

அவர் தரையில் உட்கார்ந்தார். சாக்ஸ் போட்டார். "அங்ஙனெயல்லா!" என்று உருவிவிட்டாள். சுருக்கம் இருக்கிறதாம், புண்ணாகும். மறுபடி போட்டார். பட்டையைக் கட்டினார். கை விட்டுப் பார்த்து, குதிகால் அடியில் தொடவில்லை என்று அவிழ்த்தாள். மூன்றாம் தடவை மேல்வாரை முதலில் கட்டிவிட்டார். அவள் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். அந்த அடி எனக்கு நன்றாகத் தெரிந்த அடி. பதினாறு வருஷமாக நான் என் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

"மோளே, ஒரு தடவ நீயே காட்டு" என்றார் அவர். "எனக்கு இதைப் படிச்சுக்கிடணும். எனக்கு வேணும்."

கேட்டதா, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாளா, தெரியாது. குதிகாலைப் பிடித்துப் பின்னால் அழுத்தினாள். முதலில் கணுக்கால் வார், அப்புறம் மேல்வார். காட்டிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அவிழ்த்து அவர் மடியிலேயே போட்டாள். சின்னவள் இதற்குள் முறுக்கில் பாதியை முடித்திருந்தாள். அவர் போட்டார். அவள் வாருக்கு அடியில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள். கணுக்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

கதவருகே நின்ற பொறுப்பாளர் அம்மாவைப் பார்த்து, "இவரு மதி" என்றாள். இவர்கள் போதும்.

பிறகு தங்கையின் இன்னொரு காலைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள்.