நூற்றொன்றாவது படம்

இது நடந்தது. கதை என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். இதில் வரும் பெண் இன்றும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். பேயை நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமலே படிக்கலாம். அவளும் நம்பாதவள்தான்.

எல்லோரும் அவளைச் சோடாபுட்டி என்பார்கள். அவ்வளவு தடித்த கண்ணாடி. கேலிக்கு வைத்த பெயரையே அவள் இணையத்தில் தன் பெயராக எடுத்துக்கொண்டாள். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் தானே கூப்பிட்டுக்கொண்டால் வலிக்காது என்பாள்.

அவளும் அவள் தம்பியும் சேர்ந்து ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார்கள். புத்தகங்களை யாராவது உரக்க வாசிப்பார்கள். அதைப் பதிவு செய்து சுத்தப்படுத்தி அனுப்புவது வேலை. வாசிப்பவரின் பெருமூச்சு, நாக்குச் சப்தம், நாற்காலி முனகல் எல்லாவற்றையும் அவள்தான் வெட்டி எடுப்பாள். காது பாம்புக் காது. கண்தான் காலை வாரியது. மென்பொருளின் திரையில் சாம்பல் நிறத்தின் மேல் இன்னொரு சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்து. வெட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வெட்டிவிடுவாள். ஒரு தத்துவப் புத்தகத்தில் வாசித்தவரின் ஏப்பம் அப்படியே கேட்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

தம்பி சிரிக்கவில்லை. வேறொருவனை வரவழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தும்விட்டான்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் இடத்துல அவனை வேலைக்கு வெச்சுடுவேன்க்கா. அப்புறம் அக்கான்னுகூடப் பாக்கலையேன்னு அழக்கூடாது."

அந்த நாற்காலியைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. அதனால்தான் தீம் தேடிப் போனாள்.

தீம் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஒலிவேலைக்கான மென்பொருளுக்குத் திரையில் ஒரு முகம் இருக்கிறது: பொத்தான்கள், குமிழ்கள், எழுத்துகள். உள்ளே ஓடும் எந்திரத்தைத் தொடாமல் அந்த முகத்தை மட்டும் மாற்றலாம். உபயோகிப்பவர்களே வரைந்து, ஒரு குழுப் பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். வேண்டியவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே வெறும் படங்களும் நிறங்களின் எண்களும்தான் இருக்கும். அது எதையும் கேட்காது. எதையும் செய்யாது. ஆளுக்குச் சட்டை மாற்றுவது போலத்தான்.

இன்னொன்று. திரையில் குமிழைத் திருகினால் அது சுழல்வது போல் தெரியும். உண்மையில் எதுவும் சுழல்வதில்லை. ஒரே குமிழைப் பல தடவை வரைந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக நீளமாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் குமிழின் மேலுள்ள கோடு மட்டும் ஒரு துளி தள்ளியிருக்கும். நாம் திருகத் திருக மென்பொருள் அடுத்த படத்தைக் காட்டும். கண் ஏமாந்துபோகும். நல்ல கைக்காரர்கள் கோட்டைத்தான் நகர்த்துவார்கள். குமிழின் மேல் விழும் வெளிச்சத்தை நகர்த்த மாட்டார்கள். அறையில் விளக்கு சுழல்வதில்லை அல்லவா?

அவளுக்குக் கிடைத்த தீமை வரைந்தவர் பெயர் கரி. கறுப்புப் பின்னணியில் கொட்டை கொட்டையாக வெள்ளை எழுத்து. அவளுக்காகவே தைத்த சட்டை. பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது.

'இதில் ஒரு குறை உண்டு. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். திருத்தாதீர்கள்.'

ஏன் என்று யாரோ கேட்டிருந்தார்கள். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதா என்று கரி பதில் போட்டிருந்தார். அப்படிப்பட்ட ஆள்.

தீம் வேலை செய்தது. தவறுகள் நின்றன. தம்பி வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் பெரிய எழுத்தும் அவளுக்குப் போதவில்லை. தீமைப் பிரித்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கத் தொடங்கினாள். அப்படித்தான் ஒலியளவுக் குமிழுக்கு வந்தாள். மற்றவர்கள் கண்ணுக்கு அது நகத்தளவு உருண்டை. அவள் அதைத் திரை முழுக்க விரித்தாள்.

குமிழின் பளபளப்பில் வெறும் வெள்ளை இல்லை. உள்ளே ஒரு அறை தெரிந்தது.

ஒரு மேசை. திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு உருவம். அதன் முதுகுக்குப் பின்னால் கதவு. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அந்த இடுக்கில் மெல்லிய கறுப்புக் கீற்று.

அடேயப்பா, என்ன கை என்று வியந்தாள். அடுக்கில் கீழே போனாள். பத்தாவது படம். கீற்று கதவை விட்டு வந்திருந்தது. ஐம்பதாவதில் அதற்குத் தோள்கள் இருந்தன. நூறாவதில், கடைசிப் படத்தில், அது நாற்காலிக்குப் பின்னால் நின்றது. கை தூக்கியிருந்தது. கைக்கும் உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கும் நடுவே ஒரு மயிரிழை.

ஒலியைக் கூட்டக் கூட்ட அது கிட்டே வருகிறது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"எவனோ வேலையத்தவன் நூறு படம் வரைஞ்சிருக்கான். நீயும் வேலையத்து எண்ணிக்கிட்டிருக்க."

"அந்தக் கதவைப் பாரேன். ஓரத்துல பஞ்சு கிழிஞ்சிருக்கு. நம்ம கதவு மாதிரியே."

"எல்லா ஸ்டுடியோக் கதவும் கிழிஞ்சுதான் இருக்கும். முதல்ல வேலையப் பாரு."

அவளும் சிரித்தாள். ஆனால் எண்ணியது மனதில் உறுத்தியது. ஒலியளவு பூஜ்யத்திலிருந்து நூறு வரை. பூஜ்யத்துக்கும் ஒரு படம் வேண்டும். ஆக நூற்றொரு படம். கரி வரைந்ததோ நூறு. அதனால் தொண்ணூற்றொன்பதிலிருந்து நூற்றுக்குத் திருகினால் கோடு அசையாது. பழைய படமே நிற்கும். புதிதாக வரைபவர்கள் எல்லோரும் செய்கிற கணக்குப் பிழை இது.

இவ்வளவு திமிரும் இந்தப் பிழையை மறைக்கத்தானா?

நூறாவது படத்தை நகல் எடுத்தாள். கோட்டைத் துளி நகர்த்தினாள். பளபளப்பிலிருந்த அறையையும் ஆளையும் சுத்தமாகத் துடைத்து வெறும் வெள்ளையாக்கினாள். அடுக்கின் அடியில் ஒட்டினாள். 'பெரிய எழுத்து, குறை திருத்தியது' என்று தலைப்பிட்டுக் குழுப் பக்கத்தில் ஏற்றினாள்.

கரியின் பதில் உடனே வந்தது.

'யார் திருத்தச் சொன்னது?'

எண்ணத் தெரியாதவர்கள் அடுத்தவரை அதட்டக் கூடாது என்று அவள் எழுதினாள். குழுவில் பலர் கைதட்டினார்கள். சிலர் கரியை வறுத்தெடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பதில் வந்தது. இந்தத் தடவை அவளுக்கு மட்டும், தனியாக.

'நான் பளபளப்பைத்தான் வரைந்தேன். ஆளை வரையவில்லை. நூற்றொன்றாவது படத்தை அடுக்கிலிருந்து நீக்கிய பிறகுதான் அது நின்றது. முழுதாகத் திருகாதே.'

பயம் காட்டுகிறானா... பார்க்கலாம்.

நல்ல பகல். தம்பி நடையில் நின்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தது, அவள் உள்ளே வரும்போதும் கேட்டது. கதவை இழுத்து மூடினாள். அந்தக் கதவின் விளிம்பில் ரப்பர் உண்டு. மூடும்போது காற்று நசுங்கி 'ப்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். காது லேசாக அடைக்கும். பிறகு உலகமே வெளியே போய்விடும்.

ஹெட்போனை மாட்டவில்லை. வெறும் குமிழைத்தான் பார்க்க வேண்டும்.

திருகினாள்.

பளபளப்பில் கறுப்பு நகர்ந்தது. நாற்பது... அறுபது... அதற்குத் தோள் வந்தது.

தொண்ணூறு. கை தூக்கியது.

தொண்ணூற்றொன்பது.

நூறு.

வெள்ளை. அவள் துடைத்து வைத்த வெறும் வெள்ளை.

"போடா," என்றாள்.

ப்ஸ்ஸ்...

காது அடைத்தது.

கதவு மூடித்தானே இருந்தது?

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு நாற்காலி முனகியது.

ஆயிரம் தடவை வெட்டி எறிந்த சத்தம் அது. உட்கார்ந்திருப்பவர் அசைந்தால் அது வேறு மாதிரி முனகும். இது... முதுகுப்பக்கத்தில் யாரோ கை ஊன்றும் முனகல்.

திரையைப் பார்த்தாள்.

வெள்ளை இப்போது வெள்ளையாக இல்லை.

மேசை இருந்தது. குனிந்திருக்கும் பெண் இருந்தாள். பின்னால் கதவு முழுதாகத் திறந்து கிடந்தது.

வேறு யாரும் இல்லை.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளித்தான் திறந்தாள். அது மட்டும் நினைவிருக்கிறது. அவள் தள்ளிய கதவு தம்பியின் முதுகில் இடித்தது. அவன் அதில்தான் சாய்ந்து நின்றிருந்தான்.

"உள்ள யாரு வந்தா?"

"நான் இங்கயேதானே சாஞ்சிருக்கேன். என்னைத் தாண்டி யாரு வருவா? என்னாச்சு உனக்கு?"

தீமை அழித்தாள். குழுப் பக்கத்தில் ஏற்றியதையும் எடுத்தாள். கரிக்குப் பல தடவை எழுதினாள். பதில் இல்லை. திரை மறுபடி சாம்பலுக்குப் போனது. தவறுகளும் திரும்பி வந்தன. தம்பி அந்த இன்னொருவனுக்குப் போன் செய்துவிட்டான். கடைசி முயற்சியாகப் புதுக் கண்ணாடிக்குக் கண் மருத்துவமனைக்குப் போனாள். தனியாகத்தான் போனாள்.

அங்கே கண்ணைப் படம் எடுப்பார்கள். இருட்டறையில் ஒரு கருவி. மோவாயை வைத்தாள். கருவிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கூட வந்தவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா. அவர் உருவம் உங்க கண்ணுல விழுது."

"யாரும் வரலையே."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் விழ வேண்டுமானால் ஆள் எதிரில் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நிற்பவர் கண்ணில் விழ மாட்டார். எதிரில் கருவி, அந்தப் பெண், அவளை ஒட்டிச் சுவர். ஒரு ஆள் நிற்க அங்கே இடமே இல்லை.

"கண்ணை மூடித் திறங்க."

மூடினாள்.

திறந்தாள்.

அந்தப் பெண் மறுபடி திரையில் குனிந்தாள். எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

"இது எதிர்ல நிக்கறது இல்லம்மா... உள்ள இருந்து பாக்குது."

மருத்துவர் அதைக் கருவியின் கோளாறு என்றார். சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியே தேவையில்லை என்றும் சொன்னார். பலகையில் இருந்த ஆகச் சிறிய எழுத்தைக்கூட அவள் தடுமாறாமல் படித்திருந்தாள்.

நாற்காலி அவளிடமே இருக்கிறது. இப்போது ஒரு தவறுகூட வருவதில்லை. தம்பி எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நின்றே பேசுகிறான். அவள் கண்ணைப் பார்த்து அவன் பேசி வெகுநாளாகிறது.