மீன்குழம்பின் மேல் விழுந்த பழி

நான் மணமேல்குடிக்காரி. பொன்னமராவதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரரின் வயிற்றுக்கு நான்தான் குற்றவாளி. சாப்பிட்டு எழுந்தால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், நாலு வாய்க்குள் வயிறு நிறைந்த மாதிரி ஒரு அடைப்பு. கடற்கரைக் காரம் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மிளகாயைக் குறைத்தேன், புளியைக் குறைத்தேன். கடைசியில் என் குழம்பு எனக்கே பிடிக்காமல் போயிற்று.

அவரோ தன் பாத்திரக்கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கி, வருடக்கணக்காகத் தினமும் ஒரு கேஸ் மாத்திரை போட்டு வந்தார். போன வருடம் நான்தான் வம்படியாகப் புதுக்கோட்டைக்கு, வயிற்று டாக்டரிடம் இழுத்துப்போனேன். இரைப்பையில் கிருமி இருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஊதினால், மூச்சிலேயே தெரிந்துவிடுமாம். ஒரே நிபந்தனை, அதற்கு முன்னால் இரண்டு வாரம் கேஸ் மாத்திரையைத் தொடக்கூடாது. தொட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், சோதனையில் சிக்காது.

இரண்டு வாரம் கழித்துப் போய் ஊதினார். கிருமி இல்லை என்று வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்புதான். அப்படியானால் என் கைப்பக்குவம்தான் காரணம் என்று ஆகிவிட்டதே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் துவைக்க எடுத்த அவர் சட்டைப்பையில் கேஸ் மாத்திரை அட்டை. பாதி காலி. முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டேன்," என்றார். "எரிச்சல் தாங்க முடியல."

டாக்டர் கேட்டதற்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிய மனிதர். வந்த கோபத்துக்கு அட்டையோடு சேர்த்து அவரையும் துவைத்திருப்பேன். ஆனால் தாங்க முடியவில்லை என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பாவமாகவும் இருந்தது. அடுத்த இரண்டு வாரமும் இட்லி, மோர்ச்சோறு என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். கடைக்குக் கிளம்பும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

மறுபடி ஊதியதில் கிருமி சிக்கியது. காரத்தால் வருகிற கிருமி இல்லை இது என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

"அதை அவரப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்," என்றேன்.

சொன்னார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்கு நாள் மாத்திரை. அதற்குப் பின் ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவை ஊதி, கிருமி போய்விட்டது என்று தெரிந்துகொண்டோம். அந்த வாரம் என் அண்ணன் ஊரிலிருந்து கொடுவா மீன் கொடுத்துவிட்டிருந்தார். குழம்பு வைத்தேன். பழக்கதோஷம், மிளகாய்த்தூளைக் கை தானாகவே குறைத்துப் போட்டது. இரண்டாவது தடவையும் சோறு வாங்கிப் பிசைந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க ஊரு காரத்தக் காணோமே," என்றார்.

கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழம்பில் அந்த அளவுக்குக் காரம் இல்லை.