மூன்றாம் வருடத்துப் பஞ்சாயத்து

திருப்பூர்க் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தபோது, அங்கே சைக்ளோஸ்டைல் மெஷினின் கைப்பிடியைச் சுற்றி நகலெடுத்தவர் ஓர் அட்டெண்டர். ஒல்லியான ஆள். இரண்டு கட்டைவிரலிலும் எப்போதும் மை. எந்தத் தாளானாலும் ஜன்னலருகே கொண்டுபோய் முழுதும் படித்துவிட்டுத்தான் மறுவேலை. எனக்கு அது பிடிக்காது.

பி.ஏ. அரசியல் தொடங்கிய வருடம், பாடங்களை வரிசைப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. முதல் வருடம் ஏதென்ஸ், இரண்டாம் வருடம் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், மூன்றாம் வருடம் நம் அரசியல் சட்டமும் பஞ்சாயத்தும் என்று எழுதி, நகலெடுக்கக் கொடுத்தேன். அவர் ஜன்னலுக்குப் போனார்.

"ஏனுங்க சார், பஞ்சாயத்தைக் கடைசியிலயா வெச்சிருக்கீங்க?"

"அடிப்படை முதல்ல தெரியணுமில்ல?"

"இல்லீங்க, பாதிப் பசங்க ஒரு வருசத்துலயே டீசி வாங்கிட்டு பனியன் கம்பெனிக்குப் போயிர்றாங்க. அவிங்களுக்கு நம்மூரு சங்கதி ஒண்ணுமே தெரியாமப் போயிருமுங்களே?"

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. ஆனால் ஓர் அட்டெண்டர் சொல்லி மாற்றுவதா என்றிருந்தது.

"உங்க வேலை சுத்தறதுதானே?" என்றேன்.

"சரிங்க சார்" என்று கைப்பிடியைப் பிடித்தார்.

அடுத்த ஜூனில் வேலம்பாளையத்துப் பையன் ஒருவன் படிப்பை நிறுத்திக்கொள்வதாக விண்ணப்பம் எழுதியிருந்தான். ஏதென்ஸ் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவன். என் கையெழுத்துக்காக அதை அட்டெண்டர்தான் எடுத்துவந்தார். மேஜையைப் பார்த்தபடியே போட்டுக் கொடுத்தேன். அவர் தாளை ஜன்னலருகே கொண்டுபோய் நிதானமாக, முழுதும் படித்தார்.

"சரிங்க சார்" என்றார்.