ஓடாமல் நிற்கப் பழகிய சனிக்கிழமைகள்

பத்து வயதில் என்னால் ஓரிடத்தில் அரை நிமிடம் நிற்க முடியாது. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறித்துக்கொண்டு ஓடுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. புசல்லாவைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஏதோ பிடித்திருக்கிறது என்று மூன்று தடவை கையில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். மூன்றையும் பல்லால் அறுத்தேன். கடைசியில் அம்மா என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பேயுமில்லை, வளர்ப்பின் பிழையுமில்லை, கவனம் ஒன்றில் தரிக்காத குறை என்று டொக்டர் சொன்னபோது, அம்மா யாரோ தன்னை மன்னித்துவிட்டதைப் போல் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அங்கே ஓர் அறையில் ஆறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது பேச்சுக்குத்தான். எங்களை நடத்திய மிஸ் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசுவார். வாரமொரு தாள் தருவார். என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, நீ என்ன செய்தாய், வேறு என்ன செய்திருக்கலாம் என்று அதில் நான்கு பெட்டிகள். நடந்ததை எழுதிவந்து வாசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து அதையே நடித்துப் பார்ப்போம், இந்த முறை அவசரப்படாமல்.

அது யுத்த காலம். பேராதனைக்குக் கிட்ட பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒருநாள் அந்த வரிசையில் நிற்கும்போது ஆற்றங்கரைப் பற்றைக்குள் ஒரு கபரகொய்யா, ஆளுயரத் தண்ணீர் உடும்பு, நுழைவதைக் கண்டேன். அவ்வளவுதான், ஓடினேன். பின்னால் சிங்களத்தில் ஒரு சத்தம். திரும்பியபோது ஓர் ஆமிக்காரன் என்னை நோக்கித் துவக்கை நீட்டியிருந்தான். அம்மா எனக்கும் துவக்குக்கும் நடுவில் முழங்காலில் விழுந்திருந்தார். ஆஸ்பத்திரியில் தந்த கிளினிக் கொப்பியை உயர்த்திப் பிடித்து, அரைகுறைச் சிங்களத்தில், நோயாளிப் பிள்ளை, நோயாளிப் பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்து எங்களைப் போகச் சொன்னான்.

"என்னைய ஏன் நோயாளின்னு சொன்னீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன். கண்டி வரும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதை வாசித்தேன். மனசு என்ன சொன்னது என்ற பெட்டியில், 'வால் எவ்வளவு நீளம்' என்று எழுதியிருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். கடுகண்ணாவையிலிருந்து வரும் சிங்களப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தா ஆமி," என்றான், தனக்குத் தெரிந்த தமிழில். "யாழ்ப்பாணத்துல. ஆள் ஓடினா தாத்தாவுக்கும் பயம். கை இப்பிடி." கையை நடுங்கவைத்துக் காட்டினான்.

அவ்வளவு வயதானவரை ஏன் சண்டைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டேன். "மகள், அவங்க பாஷையில தாத்தான்னா வாப்பா. நீங்க அப்பான்னு சொல்ற மாதிரி," என்றார் மிஸ்.

பிறகு சோதனைச் சாவடி விளையாடினோம். அவன் மிஸ்ஸின் குடையைத் துவக்காக்கிக்கொண்டு நின்றான். நாங்கள் தாள்களை அட்டையாகப் பிடித்து வரிசையில் வந்தோம். இடையில் மிஸ் ஒரு பந்தை உருட்டிவிடுவார். பந்தின் பின்னால் ஓடாமல், மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி நிற்க வேண்டும். ஐந்தாவது தடவைதான் நான் நின்றேன். அவன் குடையைப் போட்டுவிட்டுக் கைதட்டினான்.

திறந்த கதவுக்கு வெளியே வாங்கில் என் அம்மாவும் அவன் அம்மாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. கைகளைக் கோத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல விளையாட்டைப் பார்த்து எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சில மாதங்களில் அந்தப் பையன் வருவது நின்றுவிட்டது. மிஸ் அவன் கதிரையை எடுத்து வட்டத்தைச் சிறிதாக்கினார். அவன் அப்பா சவப்பெட்டியில் ஊர் திரும்பியதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான். அன்று நான் நினைத்தது, அவனுக்கு முழுதாகக் குணமாகிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்று. வீடு திரும்பும்வரை அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.